போகும் வழியும் மீளும் வழியும்

கடல் கடந்து வாழும் பிள்ளை ஊருக்கு வந்து திரும்புதல் நமது வீடுகளில் ஒரு காலத்தில் இலகுவான காரியமாயிருந்தது. நல்லூர்த் திருவிழாவை ஒட்டி வருவார்கள். நான்கு வாரம் நிற்பார்கள். பனாட்டையும் புழுக்கொடியலையும் மிளகாய்த்தூளையும் பெட்டியில் அடைத்துக்கொண்டு போவார்கள். போன மறுநாள் அவர்கள் வேலைக்குச் சென்றுவிட்டதாகச் செய்தி வரும். இருபது மணித்தியாலப் பயணத்தை நாம் தூரம் என்றே எண்ணாதிருந்தோம். 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அந்தத் தூரம் திடீரெனப் பழைய தூரமாகிவிட்டது. கொவிட் எனும் தொற்றுநோய் உலகெங்கும் பரவிய அந்த மாதத்தின் 19 ஆம் திகதி முதல் கட்டுநாயக்கா விமானநிலையம் வருவோருக்கு மூடப்பட்டது. மறுநாள் அவுஸ்திரேலியா தன் குடிகளும் நிரந்தர வதிவாளரும் அல்லாதோருக்கு எல்லையை அடைத்தது. வீட்டிலே ஒருவர் நோயுற்றால் பிள்ளை வருவானா என்ற வினாவுக்குப் பணமும் மனமும் மாத்திரம் விடையாக அமையாத ஒரு காலம் தொடங்கியது.

அக்காலத்தில் ஒருவன் ஊருக்கு வந்து மீளும் பயணத்தை எவ்வாறு திட்டமிட வேண்டியிருந்தது என்பதையே இன்று சொல்ல முற்படுகின்றேன். புத்தகத்தில் படித்ததைக் காட்டிலும் என் வீட்டில் நடந்ததையே பெரும்பாலும் ஆதாரமாகக் கொள்கின்றேன். என் தம்பி மெல்பேணில் வாழ்பவன். அவுஸ்திரேலியக் குடியுரிமை பெற்றவன். எங்கள் தாயார் வடமராட்சியில் என்னுடன் இருந்தவர்.

இத்தகைய பயணம் நமக்கு முற்றிலும் புதியதென்று எண்ணற்க. மலைநாட்டுத் தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளருக்கு இது நன்கு பழகிய துன்பம். 1896 இல் பம்பாயில் கொள்ளைநோய் தோன்றியதும், மறு ஆண்டிலே இலங்கையில் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச்சட்டம் இயற்றப்பட்டது. 2020 இல் நம்மை வீட்டுக்குள் இருத்திய சட்டமும் அந்த 1897 ஆம் ஆண்டுச் சட்டமே. 1914 இல் பாம்பன் பாலமும் தனுக்கோடி-தலைமன்னார்க் கப்பலும் இரயிலோடு இணைந்தபோது பயணம் விரைவாயிற்று. ஆயினும் தொழிலாளர் மண்டபம் முகாமிலே ஏறக்குறைய ஒரு வாரம் தங்கி, அம்மைப்பால் குத்தப்பெற்று, உடைகள் கிருமிநீக்கம் செய்யப்பெற்ற பின்னரே கப்பலேற முடிந்தது. முதல் வகுப்பிற் பயணஞ் செய்த கனவான்களுக்கு அந்த முகாம் இருக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவைப்பது நியாயம். பிற்காலத்தில் அதே மண்டபம் முகாம் இலங்கையிலிருந்து சென்ற அகதிகளுக்கு உறைவிடமாயிற்று.

இனி 2020 க்கு வருவோம். மக்கள் அன்று செய்த பெரும் பிழை, பயணம் ஒன்றென்று எண்ணியமையே. உண்மையில் மூன்று வாயில்கள் இருந்தன. இருக்கும் நாட்டை விட்டு வெளியேறும் வாயில், தாய்நாட்டுக்குள் நுழையும் வாயில், மீண்டும் இருந்த நாட்டுக்குள் நுழையும் வாயில் என்பன அவை. மூன்றுக்கும் காவலர் வெவ்வேறு. ஒருவர் தந்த அனுமதி மற்றவரைக் கட்டுப்படுத்தாது. முதலாவது திறந்ததும் மகிழ்ந்து விமானமேறியவர்கள் மூன்றாவது அடைபட்டபோது மாதக்கணக்கில் நின்றுவிட்டார்கள். 2020 இன் இறுதியில் ஊர் திரும்ப விரும்பிப் பதிவு செய்து காத்திருந்த அவுஸ்திரேலியர் மாத்திரம் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர்.

வெளியேறும் வாயிலென்று ஒன்று இருந்ததே பலருக்கு வியப்பளிக்கும். தன் குடிகளை உள்ளே வரவிடாத நாடும், தன் குடிகளை வெளியே போகவிடாத நாடும் சுதந்திர நாடுகளில் அரிது. அவுஸ்திரேலியா 2020 மார்ச் 25 முதல் 2021 நவம்பர் 1 வரை, 2015 ஆம் ஆண்டின் உயிரியற் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், தன் குடிகளும் நிரந்தர வதிவாளரும் விசேட விலக்கு இன்றி நாட்டை விட்டுச் செல்வதைத் தடைசெய்தது. வெளியே போகும் ஒவ்வொருவனும் நாளை திரும்பி வருவான், வரும்போது அவனை அடைத்துவைக்க ஓர் அறை வேண்டும், அறைகளோ குறைவு என்பது அதன் நியாயம். அவசர மருத்துவம், தவிர்க்கவியலாத சொந்தக் காரியம், மனிதாபிமானம் முதலிய சில காரணங்களுக்கே விலக்குக் கிடைத்தது. மரணப்படுக்கையில் உள்ள பெற்றாரைக் காணச் செல்வது மனிதாபிமானக் காரணங்களில் அடங்கியது. ஆனால் அதைக் கடதாசியில் நிரூபிக்க வேண்டியிருந்தது.

உள்ளே வருவோரை அடைத்துவைத்த நாட்களின் கணக்கையும் சற்று விளக்குவது நன்று. கிருமி உடலிற் புகுந்த நாளுக்கும் நோய்க்குறி தோன்றும் நாளுக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. இந்நோயில் அது பெரும்பாலும் ஐந்து நாளளவில் அமையும். சிலருக்குப் பதினான்கு நாள் வரை நீளும். அவ்விடைவெளியின் தொடக்கத்தில் மூக்கிலே குச்சி விட்டுச் சோதித்தாலும் கிருமி அகப்படாது. ஆதலால், நேற்றுச் சோதித்துச் சுத்தமென்று சான்றிதழ் பெற்றவன் நாளை மறுநாள் நோயாளியாக மாறலாம். சான்றிதழ் இருந்தும் ஏன் அடைத்தார்கள் என்று சினந்தவர்களுக்கு விடை இதுதான். முன்னாளில் ஏதிரியாட்டிக் கடற்கரையிலே இரகூசா என்ற நகரம் 1377 இல் வெளியூராரை முப்பது நாள் ஒதுக்கி வைத்தது. பின்னர் வெனிசு முதலிய துறைமுகங்களில் அது நாற்பது நாளாயிற்று. ‘குவாரண்டீன்’ என்ற சொல்லே இத்தாலியரின் நாற்பதிலிருந்து பிறந்ததாம். அவர்களுக்குக் கிருமி தெரியாது. நமக்குத் தெரிந்தபடியால் நாற்பது பதினான்காகக் குறைந்தது.

எங்கள் தாயார் 2021 தைப்பொங்கலுக்கு மறுநாள் கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். வயது எண்பத்துநான்கு. தொடை எலும்பு முறிந்தது. வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை நடந்தது. ஆனால் நெஞ்சிலும் பலவீனம் இருந்தமையால் வைத்தியர் என்னைத் தனியே அழைத்து, ‘பிள்ளைகளுக்கு அறிவியுங்கள்’ என்று மாத்திரம் கூறினார். அன்றிரவு தம்பியுடன் தொலைபேசியிற் பேசினேன். அவன் முதற் கேட்டது, ‘அண்ணை, அம்மா என்னைத் தேடுறாவோ?’ என்பது. ‘தேடுறா’ என்றேன். அப்படிச் சொல்லியிருக்கலாமா என்று பின்னர் பல நாள் யோசித்ததுண்டு.

மூன்று நாளில் அவன் விலக்குக்கு விண்ணப்பித்தான். மூன்று நாளில் மறுப்பு வந்தது. காரணம் இரண்டு. நாங்கள் அனுப்பிய வைத்தியசாலை அட்டையின் படம் அவசர எழுத்தில், பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாக இருந்தது. நோயின் நிலை இன்னதென்று அதிலே தெளிவில்லை. மற்றது, நோயாளி விண்ணப்பகாரனின் தாய்தான் என்பதற்குச் சான்று போதவில்லை.

இரண்டாவது காரணம் நமது பெயரிடும் முறையிலிருந்து எழுந்த வினை. தமிழருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. தகப்பன் பெயரே முன்னால் நிற்கும். தம்பியின் கடவுச்சீட்டிலே தகப்பனாரின் பெயர் குடும்பப்பெயராகப் பதியப்பட்டிருந்தது. தாயாரின் தேசிய அடையாள அட்டையிலே அவருடைய தகப்பனாரின் பெயரும், வைத்தியசாலை அட்டையிலே கணவரின் பெயரும், தம்பியின் பிறப்புச் சாட்சிப்பத்திரத்திலே மூன்றாவதாக ஓர் எழுத்துக்கூட்டலும் காணப்பட்டன. கன்பராவிலே இருந்து பார்க்கும் உத்தியோகத்தருக்கு இவை மூன்று பெண்களின் பெயர்களாகத் தோன்றினால் அவரை நோவதில் பயனில்லை.

பாடசாலை திறந்த வாரம். நான் காலையிலே கையொப்பமிட்டுவிட்டு, பிரதி அதிபரிடம் பொறுப்பைக் கொடுத்து, நாலு கந்தோர்களுக்கு ஓடினேன். பிறப்பு, விவாகச் சாட்சிப்பத்திரங்களின் பிரதிகளைப் புதிதாகப் பெற்றேன். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு ஆங்கிலமாக்குவித்தேன். இன்ன மூன்று பெயர்களும் ஒருவரையே குறிப்பன என்று ஒரு சத்தியக்கடதாசி முடித்தேன். நானும் சமாதான நீதவான்தான். ஆயினும் என் தாயின் காரியத்திலே நானே கையொப்பமிடுதல் தகாதாகையால், அயற்கிராமத்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் சென்றேன். வைத்திய நிபுணர் பெயரிடப்பட்ட கடிதத்தாளில், ஆங்கிலத்தில், நோயாளியின் வயது, முறிவு, நெஞ்சின் நிலை ஆகியவற்றோடு உறவினர் வருவது விரும்பத்தக்கது என்ற ஒரு வரியையும் எழுதித் தந்தார். அந்த ஒரு வரிக்காக நான் அவருடைய அறை வாயிலிலே இரண்டு மணித்தியாலம் நின்றேன். அவர் அன்று முப்பது நோயாளரைப் பார்த்திருப்பார். இரண்டாம் விண்ணப்பம் நான்கு நாளில் அனுமதி பெற்றது.

இவ்விடத்தில் தம்பி செய்த ஒரு காரியத்தைப் பாராட்ட வேண்டும். அனுமதி வந்த அன்றே விமானச்சீட்டு வாங்க நான் அவசரப்படுத்தினேன். அவன் இசையவில்லை. முதலிலே திரும்பும் சீட்டுக்கு வழி பார்த்தான். ‘வாறது பெரிய காரியமில்லை அண்ணை, வெறும் விமானங்கள்தான் இஞ்சையிருந்து வெளிக்கிடுது. திரும்பி வாறதுக்குத்தான் இடமில்லை’ என்றான். அது உண்மை. அவுஸ்திரேலியா 2020 ஜூலை முதல், ஒரு வாரத்தில் ஒவ்வொரு நகரத்துக்கும் இத்தனை பேரே வரலாம் என்று எல்லை வகுத்திருந்தது. 2021 ஜனவரியிலோ, பிரித்தானியாவிற் தோன்றிய புதுவகைக் கிருமிக்கு அஞ்சி, சிட்னி, பிறிஸ்பேண், பேர்த் ஆகிய நகரங்களின் எண்ணிக்கை பெப்ரவரி நடு வரை பாதியாகக் குறைக்கப்பட்டது. முந்நூறு பேர் அமரும் விமானத்தில் முப்பது நாற்பது பேரே அனுமதிக்கப்பட்டால் விமானக் கம்பனி என்ன செய்யும்? வயிற்றிலே சரக்கை ஏற்றும். மேலே அதிக விலைச்சீட்டு வாங்கினோரை முதலில் ஏற்றும். மலிவான சீட்டுக் கொண்டவனுக்குப் புறப்படுவதற்கு முன்னாள் ‘உமது இடம் நீக்கப்பட்டது’ என்று ஒரு செய்தி வரும். சீட்டை வாங்கியவனுக்கு இடம் உறுதியாகிவிட்டது என்று கொள்ளமுடியாத காலம் அது.

அவன் கணக்கு வருமாறு அமைந்தது. பெப்ரவரி 6 புறப்பாடு. இலங்கையிலே பதினான்கு நாள் விடுதியில் அடைப்பு. பின்னர் தாயாருடன் இருபத்தாறு நாள். மார்ச் 21 இல் மெல்பேண் திரும்பி, அங்கே பதினான்கு நாள் அடைப்பு. ஆக, ஒரு மாதத்துக்கும் குறைவான நாட்களைத் தாயருகே கழிப்பதற்கு இரண்டு மாத விடுமுறை வேண்டும். தொழில் தருவோனிடம் மூன்று மாதம் கேட்டு வைத்தான், பாதி சம்பளமின்றி. மெல்பேண் விடுதிக்குத் தலைக்கு 3000 அவுஸ்திரேலிய டொலர், நம் பணத்தில் அன்று ஏறக்குறைய நாலரை இலட்சம் ரூபா. அதனையும் நீர்கொழும்பு விடுதிக் கூலியையும் சோதனைக் கட்டணங்களையும் இருவழிச் சீட்டையும் சேர்த்துப் பார்த்தபோது, மனைவியும் பிள்ளைகளும் வருவதற்கில்லை என்பது தானாகவே தீர்ந்தது.

கட்டுநாயக்கா அந்த ஜனவரி 21 ஆம் திகதிதான் பொதுவாக வருவோருக்கு மீளத் திறந்திருந்தது. தம்பி நீர்கொழும்பிலே ஒரு விடுதி அறையில் வைக்கப்பட்டான். வேளாவேளைக்கு உணவு கதவருகே வைக்கப்பட்டு, கதவு தட்டப்படும்; திறக்கும்போது ஆள் இருக்காது. கடலோசை கேட்குமாம், கடல் தெரியாதாம். தாய் தொலைவிலே வடக்கே படுத்திருக்க, ஒரே தீவிலே பதினான்கு நாள் இருப்பதன் கொடுமையை அவன் எனக்கு இரவிலே சொல்வான். நானும் முதல் இரண்டு நாள் அவனுக்காக அதிகாரிகளை நொந்தேன். மூன்றாம் நாள் வைத்தியர் ஒருவர் என்னிடம் கேட்டார்: ‘உமது தாயாருக்கு இந்நோய் தொற்றினால் பிழைப்பார் என்று நினைக்கின்றீரா?’ அப்பொழுது தடுப்பூசி இலங்கையிலே சுகாதாரப் பணியாளர் முதலியோருக்கே தொடங்கியிருந்தது. என் தாயாருக்கும் இல்லை, தம்பிக்கும் இல்லை. அதன்பின் நான் நோவதை விட்டேன்.

அந்த அடைப்பின் ஆறாம் நாள், பெப்ரவரி 12 இல், வேறோர் இடி விழுந்தது. மெல்பேணிலே, வெளிநாட்டிலிருந்து வந்தோர் அடைபட்டிருந்த விடுதியொன்றிலிருந்து நோய் வெளியே கசிந்தது. அன்று நள்ளிரவு முதல் விக்ரோறியா மாநிலம் ஐந்து நாள் முடக்கப்பட்டது. அத்தோடு, வெளிநாட்டுப் பயணிகள் விமானம் மெல்பேணில் இறங்குவதும் நிறுத்தப்பட்டது. ஏப்பிரில் 8 வரை அது மீளவில்லை. மார்ச் 21 ஆம் திகதிச் சீட்டு வெறுங் கடதாசியாயிற்று. மூன்றாவது வாயில் அடைபட்டுவிட்டது.

நேயர்களே, இத்தகைய வேளையில் மனம் பதறுவது இயல்பு. தம்பியின் நண்பர் ஒருவர் அடைப்பிலிருந்தபடியே திரும்பிப் போய்விடு என்றுகூடப் புத்தி சொன்னாராம். அவன் பதறாமைக்குக் காரணம், முன்னமே கேட்டு வைத்த அந்த மூன்று மாத விடுமுறையும், செலவுக்கென எடுத்த தொகைக்கு மேலே ஒதுக்கி வைத்த வேறொரு தொகையுமே. மெல்பேணை விட்டுச் சிட்னிக்குச் சீட்டுத் தேடினான். வளைகுடா நாடொன்றின் வழியாக ஏப்பிரில் 11 இல் இடம் கிடைத்தது. அதுவும் பின்னர் நீக்கப்பட்டு, 18 ஆம் திகதிக்குத் தள்ளப்பட்டது. இம்முறை விலை கூடிய வகுப்புக்குப் பணம் கட்டினான். அது ஆடம்பரமன்று, இடம் நீக்கப்படாதிருக்கக் கொடுத்த கூலி.

இதனால் விளைந்த ஒரு விந்தையைச் சொல்ல வேண்டும். இருபத்தாறு நாளுக்குத் திட்டமிட்டு வந்தவனுக்குத் தாயருகே ஐம்பத்திரண்டு நாள் கிடைத்தது. வந்த அன்று மாலை அம்மா அவனைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, ‘மெலிஞ்சு போனாய்’ என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து விபரம் எழுதி, சில நாள் வெளியே திரியவேண்டாம் என்றார். அவனுக்கு வெளியே போகும் எண்ணமும் இருக்கவில்லை. கைபிடித்து நடக்கப் பழக்கினான். மாசி போய்ப் பங்குனியில் அம்மா முற்றத்து மாமரம் வரை தடியூன்றி வந்தார். சித்திரை வருடப்பிறப்பன்று மூவரும் ஒரே பாயிலிருந்து உண்டோம். அவன் பதினேழு ஆண்டுகளாக ஒரு வருடப்பிறப்புக்கும் ஊரிலே இருந்ததில்லை.

திரும்பும் பயணத்திலே நுட்பமான ஒரு கணக்கு இருந்தது. அவுஸ்திரேலியாவுக்குச் செல்வோர், முதல் விமானம் புறப்படுவதற்கு முன் 72 மணித்தியாலத்துக்குள் எடுத்த சோதனைச் சான்றிதழ் காட்ட வேண்டும் என்ற விதி 2021 ஜனவரி 22 முதல் இருந்தது. முற்கூட்டி எடுத்தால் காலம் கடந்துவிடும். பிந்தி எடுத்தால் முடிவு வந்து சேராது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வாகனத்தில் எட்டு மணித்தியாலம். வருடப்பிறப்பு விடுமுறையும் குறுக்கிட்டது. ஆகவே 15 ஆம் திகதி வியாழக்கிழமை கொழும்பு சென்று, வெள்ளி காலை ஒன்பது மணிக்கு ஆய்வுகூடத்திலே மாதிரி கொடுத்து, சனிக்கிழமை முடிவைக் கையிலே பெற்று, ஞாயிறு இரவு விமானமேறினான். அறுபது மணித்தியாலம். விமானம் பிந்தினால் தாங்கக்கூடிய இடைவெளி பன்னிரண்டு மணித்தியாலமே. சான்றிதழிலே பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, இருக்கவேண்டும் என்று நான் ஆய்வுகூட எழுதுவினைஞரிடம் இருமுறை சொன்னேன். ஜனவரியிலே பட்ட பாடு அப்படி.

சிட்னியிலே பொலிசார் பஸ்ஸிலேற்றி, தாங்கள் குறித்த விடுதிக்குக் கொண்டு சென்றனர். அங்கும் பதினான்கு நாள். இரண்டாம் நாளும் பன்னிரண்டாம் நாளும் சோதனை. அவன் அங்கே அடைபட்டிருந்தபோதே இந்தியாவிலே நோய் பெருகியது. மே 3 முதல் 15 வரை, இந்தியாவில் இருந்துவிட்டு வரும் எவரும், அவுஸ்திரேலியக் குடியாயினும், நாட்டுக்குள் வரலாகாது. மீறினால் ஐந்தாண்டுச் சிறை அல்லது 66,600 டொலர் தண்டம் என்று ஒரு கட்டளை பிறந்தது. தன் குடியைத் தன் நாட்டுக்கு வந்த குற்றத்துக்காகச் சிறையிலிடும் எண்ணத்தை நான் ஒருபோதும் ஒப்பமாட்டேன். நோய்க்கு அஞ்சுவது ஒன்று, குடியுரிமையைக் காலநிலைக்கேற்ப வழங்குவது வேறொன்று. அதே மாதம் 21 ஆம் திகதி இலங்கையும் வருவோருக்கு விமானநிலையத்தைப் பத்து நாள் மூடியது. மே 4 இல் தம்பி மெல்பேண் வீடு சேர்ந்தான். புறப்பட்டு எண்பத்தேழு நாள். ஒரு மாதம் பிந்தியிருந்தால் நிலைமை என்னவாயிருக்கும் என்பதை எண்ணவே அச்சமாயிருந்தது.

மற்ற நாடுகளிலுள்ள நம்மவருக்கும் இடர் வேறு வேறு வடிவில் இருந்தது. இலண்டனிலிருந்து வந்தோர் வெளியேற விலக்குக் கேட்டுக் கன்பராவுக்கு எழுதவேண்டியிருக்கவில்லை. ஆனால் இலங்கையிலே நிற்கும்போது 2021 ஜூன் 8 இல் இலங்கை சிவப்புப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. அதற்குமுன் வீட்டிலே தங்கியிருக்கக்கூடியவர்கள் அதன்பின் பத்து நாள் விடுதியில் அடைபட்டு 1750 பவுண் செலுத்த வேண்டியதாயிற்று. ஆகஸ்ட் 12 முதல் அது 2285 பவுண். செப்டெம்பர் 22 இல் இலங்கை பட்டியலினின்று நீங்கியது. கனடாவிலே விமானநிலையத்துக்கு அண்மையில் மூன்று இரவு விடுதி வாசம், பின் வீட்டிலே எஞ்சிய நாட்கள். நியூசீலாந்திலோ அடைப்பறை கிடைத்தாலன்றி விமானமேற இயலாதிருந்தது. 2021 செப்டெம்பரிலே அந்த அறைகளுக்குச் சீட்டுக்குலுக்கல் போன்ற முறையே வந்துவிட்டது. ஒருவர் பட்ட அனுபவத்தைக் கேட்டு மற்றொருவர் திட்டமிட முடியாமைக்குக் காரணம் இந்த வேற்றுமையே. கனடாவிலுள்ள மைத்துனர் ‘ஒரு கரைச்சலும் இல்லை, வெளிக்கிடு’ என்று தம்பிக்குச் சொன்னதை நான் கேட்டேன். அவர் சொன்னது கனடாவுக்குச் சரி.

வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குச் சென்ற நம் பெண்களைப்பற்றி இங்கே அதிகம் பேச நேரமில்லை. விலக்குக் கேட்கவும் விடுதிக்குக் கட்டவும் வழியுள்ளோரின் கதையே நான் சொல்வது. வேலையிழந்து, கடவுச்சீட்டு எசமானர் கையிலிருக்க, அரசு அனுப்பும் மீட்பு விமானத்துக்குப் பெயர் கொடுத்துக் காத்திருந்தோருக்குத் திட்டமிடல் என்பதே எட்டாத பொருள். என் பாடசாலையிலே இரண்டு பிள்ளைகளின் தாய்மார் அவ்வாறு இருந்தனர்.

இங்கே இருப்போர் செய்யவேண்டிய பங்கு பெரிது என்பதை நான் பிந்தித்தான் உணர்ந்தேன். பயணஞ் செய்பவன் அங்கே ஒரு திரையின் முன்னிருந்து விண்ணப்பம் நிரப்புகின்றான். அதற்கு வேண்டிய ஒவ்வொரு கடதாசியும் இங்கே ஏதோ ஒரு கந்தோரின் இறாக்கையிலே கிடக்கின்றது. முதியோர் உள்ள வீட்டிலே பிறப்பு, விவாகச் சாட்சிப்பத்திரங்களின் மொழிபெயர்ப்பும், பெயர்வேற்றுமை பற்றிய சத்தியக்கடதாசியும் நோய் வருமுன்னரே இருந்திருக்குமாயின் எங்களுக்கு ஒரு வாரம் மிஞ்சியிருக்கும். எண்பத்துநான்கு வயதில் ஒரு வாரம் சிறிதன்று.

ஒரு வினாவை இன்னும் நான் தொடவில்லை. எந்த வேளையிலே வருவது? நம் வழக்கம், பிள்ளை கொள்ளிக்கு வரவேண்டும் என்பது. செய்தி கேட்டு ஓடிவருவதே கடமை என்று எண்ணி வளர்ந்தோம். ஆனால் பதினான்கு நாள் அடைப்புள்ள காலத்திலே செய்தி கேட்டுப் புறப்படுபவன் எட்டுச்செலவுக்கும் வந்து சேரமாட்டான். ஆகையால் உயிரோடிருக்கும்போது வருவதா, அந்திமத்துக்கென்று காத்திருப்பதா என்பதில் ஒன்றைத்தான் தெரிய முடியும். விலக்கும் விடுமுறையும் பணமும் இரண்டாம் முறைக்கு எஞ்சா. ஜனவரியிலே அம்மா கண்விழித்துப் பேசிக்கொண்டிருந்தபோது, ‘இப்ப வா, பிறகு வரத் தேவையில்லை’ என்று நான் தம்பிக்குச் சொன்னேன். தமையன் தம்பிக்குச் சொல்லக்கூடிய வார்த்தையா என்று உறவினர் சிலர் கேட்டனர்.

அம்மா 2021 செப்டெம்பர் இரண்டாம் வாரத்தில் உறக்கத்திலே காலமானார். இலங்கை முழுவதும் ஆகஸ்ட் 20 முதல் ஊரடங்கு. மெல்பேணும் அப்போது முடக்கத்திலிருந்தது. தம்பி தொலைபேசியிலே, ‘அண்ணை, நான் வரட்டோ?’ என்று கேட்டான். இருவருக்கும் விடை தெரியும். அவன் கேட்கவேண்டியிருந்தது; நான் சொல்லவேண்டியிருந்தது. கிரியைகள் சிலரோடு அன்றே முடிந்தன. என் மகன் கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்தபடி நின்றான். சுடலையிலே சமிக்ஞை போதாமையால் படம் இரண்டு முறை நின்று நின்று போனது.

2022 ஜூலை 6 இல் அவுஸ்திரேலியா எஞ்சியிருந்த தடுப்பூசிச் சான்று விதியையும் நீக்கியது. 2023 இல், அம்மாவின் இரண்டாம் ஆண்டுத் திவசத்துக்குத் தம்பி குடும்பத்தோடு வந்தான். கடவுச்சீட்டும் விசாவும் சீட்டும் தவிர வேறொரு கடதாசியும் இல்லை. அலுமாரியிலே இருந்த நீலநிறக் கோவையை எடுத்து விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பார்த்தான்: இரண்டு விண்ணப்பங்கள், சத்தியக்கடதாசி, வைத்தியரின் ஒரு வரி, நீக்கப்பட்ட சீட்டுகள், நீர்கொழும்பு விடுதிப் பற்றுச்சீட்டு. ‘இதை எரிச்சு விடுவமோ அண்ணை?’ என்றான். வாங்கித் திரும்ப அலுமாரிக்குள் வைத்தேன்.